மென்பொருள் தயார், வாங்க ஆள் இல்லை: விளம்பரத்துக்கு முன் என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து வந்த இரவுகளில் ஒரு வருடம் உழைத்து, ஒரு விண்டோஸ் மென்பொருள் செய்திருக்கிறீர்கள். ஸ்கேன் செய்த காகிதங்களைப் படித்து, அதில் உள்ள தேதி, பெயர், தொகையை வைத்துக் கோப்புக்குப் பெயர் சூட்டி, உரிய ஃபோல்டரில் அது போட்டு வைக்கும். சில இடங்களில் அறிவித்தீர்கள். சுமார் 400 பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், 40 பேர் டவுன்லோடு செய்தார்கள், வாங்கியது ஒரே ஒருவர், அவரும் உங்களுடன் வேலை பார்ப்பவர். விளம்பரத்துக்குப் பணம் போடலாமா, இலவசமாகக் கொடுத்துவிடலாமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் தேறுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு இது யாருக்காவது வேண்டுமா, அதை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிறு அலுவலகங்களுக்கான டெஸ்க்டாப் கருவிகளைத் தனியாக எழுதி, தனியாக விற்று வருவதுதான் என் பல வருட வேலை. உங்கள் மென்பொருள் அந்த வகைக்குள் வருவதால் தைரியமாகப் பதில் சொல்கிறேன். விளையாட்டுகளையும் முதலீடு வாங்கி வளரும் நிறுவனங்களையும் நான் வெளியில் இருந்து பார்த்ததோடு சரி.

முதலில் அந்த எண்கள். 40 பேரில் வெளியாள் ஒருவர்கூட வாங்கவில்லை என்பதைத் தோல்வி என்று படிக்க வேண்டாம். டவுன்லோடு செய்யும் நூறு பேரில் மூன்று பேர் வாங்கக்கூடிய மென்பொருளாகவே இருந்தாலும், ஏதோ ஒரு 40 பேரில் ஒருவரும் வாங்காமல் போக ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு உண்டு. இது வெறும் நிகழ்தகவுக் கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. யாருக்குமே வேண்டாத மென்பொருளும் இதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே இந்த 40-ஐ வைத்து நல்லது கெட்டது எதையும் முடிவு செய்ய முடியாது. தெரிந்தவர் வாங்கியதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அவர் வாங்கியது உங்களுக்காக.

அந்த 40 பேர் எங்கே நின்றுபோனார்கள் என்பதுதான் பயனுள்ள கேள்வி. டவுன்லோடு செய்வதற்கும் திறந்து பார்ப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. உங்கள் நிறுவல் கோப்பில், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லையென்றால், அதைத் திறந்தவுடன் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்பு வசதி ஒரு நீலப் பெட்டியைக் காட்டி, உங்கள் கணினியைப் பாதுகாத்துவிட்டோம் என்று சொல்லும். தொடர்வதற்கான பொத்தான் 'மேலும் தகவல்' என்ற சிறு இணைப்புக்குள் ஒளிந்திருக்கும். கணினி பழகிய நாம் அதைத் தாண்டிப் போவோம். அலுவலகத்தில் பில்களை ஸ்கேன் செய்கிறவர் அங்கேயே மூடிவிடுவார், மூடியதை உங்களிடம் சொல்லவும் மாட்டார். கையொப்பச் சான்றிதழ் வாங்கினாலும் எச்சரிக்கை மறுநாளே மறைந்துவிடாது. பலர் டவுன்லோடு செய்து, அந்தக் கையொப்பத்துக்கு ஒரு நற்பெயர் சேர்ந்த பிறகுதான் அடங்கும். 2023 ஜூன் முதல் இந்தச் சான்றிதழ்களால் கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவியைத் தனிப் பாதுகாப்பு வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதனால் செலவும் தொந்தரவும் கூடியிருக்கின்றன. மைக்ரோசாப்ட் ஸ்டோர் வழியாக எம்எஸ்ஐஎக்ஸ் என்ற நிறுவல் பொதி வடிவில் கொடுத்தால் அவர்களே கையொப்பமிடுகிறார்கள். தனி ஆளுக்கு அது கவனிக்கத்தக்க வழி.

அதனால் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மென்பொருளை இதுவரை பார்த்தே இராத ஒரு கணினி, கணினித் துறையில் இல்லாத ஒருவர், அவருடைய சொந்தக் காகிதங்கள். உங்கள் இணையப் பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எதைப் படிக்காமல் தாண்டுகிறார், முதல் காகிதம் சரியான பெயரோடு சரியான ஃபோல்டரில் விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று நான்கு பேரைப் பார்த்தாலே, மாதக்கணக்கில் உட்கார்ந்து புது வசதிகள் எழுதுவதைவிட அதிகம் தெரிய வரும். மென்பொருளுக்குள் கண்காணிப்பு வைத்துத் தானாக எண்ணிக்கை வாங்கலாமே என்று தோன்றும். உங்கள் மென்பொருள் தொடுவது பிறருடைய ரசீதுகளும் கடிதங்களும். அதிலிருந்து எது வெளியே போவதானாலும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், உள்ளடக்கம் ஒருபோதும் போகக் கூடாது. "உங்கள் காகிதங்கள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது" என்று பக்கத்தில் எழுத முடிந்தால், உங்களுக்கு அதைவிட நல்ல விற்பனை வாசகம் கிடைக்காது.

அடுத்தது, நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி: "காகிதங்களைக் கையாளும் எல்லோருக்கும் பயன்படும்." இங்கேதான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் என்று எழுதிய பக்கத்தைப் படிக்கும் யாருக்கும் அது தனக்கு என்று தோன்றாது. பேட்ரிக் மெக்கென்சி என்ற டெவலப்பர் 2006-ல் பிங்கோ கார்டு கிரியேட்டர் என்று ஒன்றை வெளியிட்டார். வகுப்பில் பிங்கோ விளையாட்டு வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குச் சொற்பட்டியலைக் கொடுத்தால் அட்டைகளை அச்சிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். தொழில்நுட்பத்தில் எந்தப் புதுமையும் இல்லை. ஆனால் யாருக்கு, எந்த வேளையில், எதற்கு என்பது துல்லியம். ஆசிரியர்கள் தேடக்கூடிய ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி அட்டைத் தொகுப்பும் தனிப் பக்கமும் வைத்தார். தேடுபொறியில் வந்தவர்கள் நேராகத் தங்களுக்கு வேண்டிய பக்கத்தில் வந்து இறங்கினார்கள். அவரும் உங்களைப்போல முழுநேர வேலையில் இருந்துகொண்டேதான் அதை விற்றார். 2010-ல்தான் வேலையை விட்டார்.

உங்கள் மென்பொருளுக்கு யார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பல வாடிக்கையாளர்களின் ரசீதுகளை வாங்கி வைக்கும் கணக்காளர்கள், வழக்கு வாரியாகக் காகிதம் பிரிக்கும் சிறு வழக்கறிஞர் அலுவலகங்கள், வாடகை ஒப்பந்தங்களையும் பில்களையும் வைத்துக்கொண்டு திண்டாடும் கட்டட நிர்வாகிகள், குடும்ப வரலாறு தேடிப் பழைய ஆவணங்களைச் சேர்ப்பவர்கள். கடைசிக் கூட்டம் ஆர்வமானது, ஆனால் பொழுதுபோக்குக்குச் செலவழிக்கிறவர்கள் கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார்கள். முதல் மூன்று கூட்டமும் தொழிலுக்காகச் செலவழிக்கிறவர்கள். அவர்களுடைய ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு, அதை அவர்களே அறிவார்கள். மருத்துவமனைகளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். நோயாளி விவரங்களுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது, தனி ஆளால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. என்னைக் கேட்டால் கணக்காளர்களிடம் தொடங்குவேன். ஒரே மாதிரியான காகிதம் மாதாமாதம் வருகிறது, தவறான இடத்தில் போனால் வலிக்கிறது, ஒருவர் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தவரிடம் சொல்வார். இது என் ஊகம்தான். உங்களுக்கு அறிமுகம் இருக்கும் கூட்டம் வேறாக இருந்தால் அங்கே தொடங்குவதுதான் சரி.

கூட்டத்தை முடிவு செய்த பிறகு அதில் பத்துப் பேரிடம் பேசுங்கள். "இப்படி ஒரு மென்பொருள் இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்த ஆமாமை நம்பி வருடம் போய்விடும். நடந்து முடிந்ததைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக ஒரு ரசீதைத் தேடியது எப்போது? எவ்வளவு நேரம் ஆனது? இப்போது பெயர் வைப்பது யார், எந்த வரிசையில் வைக்கிறார்? இதற்காக ஏற்கெனவே ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, ஏன் விட்டீர்கள்? இந்தத் தொல்லைக்காக ஒருவர் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கிறார், அல்லது எக்செலில் ஒரு பட்டியல் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் உங்கள் ஆள். அப்படி எதுவும் செய்யாமல் "ஆமாம், தொல்லைதான்" என்று மட்டும் சொல்கிறவர் வாங்க மாட்டார். பேசும்போது அவர்கள் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். நீங்கள் 'ஆவண வகைப்படுத்தல்' என்கிறீர்கள். அவர்கள் 'பில்லைப் பிரிச்சு வைக்கிறது' என்பார்கள். உங்கள் பக்கத்தில் அவர்களுடைய வார்த்தைதான் இருக்க வேண்டும், ஏனென்றால் தேடும்போதும் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள்.

பக்கம் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒரே வாக்கியம், யாருக்கு என்ன செய்யும் என்று. அதன் கீழே உண்மையான ஸ்கிரீன்ஷாட், முடிந்தால் குழம்பிக் கிடக்கும் ஃபோல்டர் சீராவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ. விலை மறைக்காமல் இருக்கட்டும். பதில் வரும் மின்னஞ்சல் முகவரி ஒன்று. எழுதியது யார் என்று உங்களைப் பற்றி நான்கு வரி. தனி ஆள் என்பதை மறைத்து 'நாங்கள்', 'எங்கள் குழு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. கேள்வி கேட்டால் எழுதியவரே பதில் சொல்வார் என்பது பெரிய நிறுவனத்திடம் கிடைக்காத ஒன்று, அதை முன்னால் வையுங்கள்.

இப்போது இலவசமா, விலைக்கா என்ற கேள்வி. இது 40 வருடத்துக்கு மேல் பழைய விவாதம். 1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்ற கணினித் தொடர்பு மென்பொருளையும் ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்ற தகவல் தொகுப்பு மென்பொருளையும் இலவசமாகப் பரவவிட்டு, பிடித்தவர்கள் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மைக்ரோசாப்டின் தொடக்க கால ஊழியரான பாப் வாலஸ் அங்கிருந்து விலகி 1983-ல் பிசி-ரைட் என்ற எழுதும் மென்பொருளை வெளியிட்டார். இப்படிப் பரப்பி விற்கும் முறைக்கு ஷேர்வேர் என்ற பெயர் பரவக் காரணமானவர் அவர். ஒருவர் பதிவு செய்த நகலைப் பெற்று இன்னொருவரும் பணம் கட்டினால் முதலாமவருக்கு ஒரு பங்கு கொடுத்தார். 1993-ல் டூம் என்ற கணினி விளையாட்டு முதல் பகுதியை முழுதாக இலவசமாகக் கொடுத்து மீதியை விற்றது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த வழிகளில் எல்லாம் இலவசப் பகுதியே முழுமையான பயனைக் கொடுத்தது, பணம் கட்ட வேண்டிய இடமும் தெளிவாக இருந்தது.

முற்றிலும் இலவசமாக்கினால் டவுன்லோடு கூடும், அது உறுதி. வாங்குவார்களா என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை விடை கிடைக்காது. உதவி கேட்கும் மின்னஞ்சல்கள் மட்டும் வரும். அதனால் உங்கள் நிலையில் நான் அதைச் செய்ய மாட்டேன். மாறாக, சோதனைப் பதிப்பின் எல்லையை மாற்றிப் பாருங்கள். இப்போது 14 நாள் என்று வைத்திருக்கிறீர்கள். டவுன்லோடு செய்த அன்று ஸ்கேன் செய்யக் காகிதம் இருக்காது. மாதக் கடைசியில் காகிதக் கட்டு வரும்போது சோதனைக் காலம் முடிந்திருக்கும். நாள் கணக்குக்குப் பதிலாக 200 காகிதம் வரை இலவசம் என்று வைத்தால், பயன்படுத்துகிறவருக்குத்தான் எல்லை வரும், அதுவும் பயனை உணர்ந்த பிறகு. இது உங்கள் வகை மென்பொருளுக்கு. தினமும் திறந்து பார்க்கும் கருவிகளுக்கு நாள் கணக்கே பொருந்தும்.

விலையைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். விலையை இரட்டிப்பாக்கி, வாங்குவோரில் பாதிக்கும் மேல் மிஞ்சினால் வருமானம் கூடும், பதில் சொல்ல வேண்டிய ஆட்களும் குறைவார்கள். இது கணக்கு. எந்த விலையில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நான் பார்த்தவரை தனியாக மென்பொருள் செய்கிறவர்கள் குறைத்தே விலை வைக்கிறார்கள், ஏனென்றால் 'நானாக இருந்தால் எவ்வளவு கொடுப்பேன்' என்று யோசிக்கிறார்கள். வாங்குவது நீங்கள் அல்ல. மாதம் பத்து மணி நேரம் மிச்சமாகும் அலுவலகத்துக்கு 15 டாலர் என்பது சந்தேகத்தைத்தான் கிளப்பும்: இவ்வளவு மலிவானது அடுத்த வருடம் இருக்குமா? 60, 70 டாலரில் தொடங்கிப் பாருங்கள். குறைப்பது எளிது, ஏற்றுவதுதான் கஷ்டம்.

சந்தாவா, ஒருமுறை விலையா என்பதும் விலையோடு சேர்ந்த கேள்வி. சந்தா எல்லோரும் நினைப்பதுபோல் வருடாவருடம் தானாக வளர்வதில்லை. மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருட முடிவில், தொடங்கிய நூறு பேரில் மிஞ்சுவது சுமார் 54 பேர். மாதம் புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தால் மொத்தம் 200-ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் 200-இல் 5 சதவீதம் என்பது அதே பத்துப் பேர். அந்த 200-ஐ உயர்த்த இரண்டே வழி: வருபவர்களைக் கூட்டுவது, போகிறவர்களைக் குறைப்பது. சர்வர் செலவு இல்லாமல் வாங்கியவர் கணினியிலேயே ஓடும் உங்கள் மென்பொருளுக்கு, ஒருமுறை விலை, ஒரு வருட அப்டேட், அதன் பிறகு புதுப்பித்தால் புதுப் பதிப்புகள், புதுப்பிக்காவிட்டாலும் கையில் உள்ள பதிப்பு என்றைக்கும் ஓடும் என்ற ஏற்பாடு நியாயமாகப் படுகிறது. 2015-ல், நிரல் எழுதும் கருவிகளைச் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் முழுச் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது டெவலப்பர்களிடம் இருந்து பெரும் எதிர்ப்பு வந்தது. கையில் இருக்கும் பதிப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைச் சேர்த்துத்தான் சமாதானம் செய்தார்கள். காசு கொடுத்து வாங்கியது ஒருநாள் நின்றுபோகும் என்ற பயம் உண்மையானது, அதை மதிப்பது நல்ல வியாபாரமும்கூட.

பணம் வாங்கும் வழியில் ஒரே ஒரு அறிவுரை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்பதாக இருந்தால், உங்களிடம் இருந்து வாங்கித் தங்கள் பெயரில் விற்கும் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற நிறுவனங்களில் ஒன்றைப் பிடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி முதல் மென்பொருள் போன்ற மின்னணுச் சேவைகளுக்கான மதிப்புக் கூட்டு வரி வாங்குபவர் இருக்கும் நாட்டின் விகிதப்படி கணக்காகிறது. மற்ற பல நாடுகளிலும் இதுபோல வந்துவிட்டது. விற்பவராகப் பதிவாவது அந்த நிறுவனம் என்பதால், அந்த வரியை வசூலித்துக் கட்டுவது அவர்கள் பொறுப்பு. வெறும் கார்டு வசூலைவிடக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் தனி ஆள் வரிப் படிவங்களில் இரவைக் கழிப்பதைவிட மலிவு. உங்கள் சொந்த வருமான வரிக்கு உள்ளூர் ஆடிட்டரைப் பாருங்கள். அதில் பொதுவான பதில் கிடையாது. கைபேசிச் செயலியாகவும் கொண்டுவர நினைத்தால், ஆப்பிள் வருடம் 99 டாலரும் கூகுள் ஒருமுறை 25 டாலரும் பதிவுக்கு வாங்குகின்றன. விற்பனையில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், 30 சதவீதமாக இருந்த பங்கை 2021-ல் இரண்டு நிறுவனங்களும் சிறு டெவலப்பர்களுக்கு 15 சதவீதமாகக் குறைத்தன. கைபேசிக்கு இப்போதைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஒரு தளத்தில் விற்காதது இரண்டாவது தளத்திலும் விற்காமல் இருக்க வாய்ப்பு அதிகம், வேலை மட்டும் இரண்டு மடங்காகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது: உள்ளே பயன்படுத்தியிருக்கும் நூலகங்களின், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளின், உரிமம். ஸ்கேன் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்க டெசராக்ட் என்ற நூலகத்தை வைத்திருந்தால் கவலை இல்லை. எச்பி நிறுவனத்தில் பிறந்து 2005-ல் திறந்த மூலமான, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அது அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது, விலைக்கு விற்கும் மென்பொருளில் சேர்க்கலாம். பிடிஎஃப் கோப்பைத் திறக்க எதை வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கோஸ்ட்ஸ்கிரிப்ட், மியூபிடிஎஃப், ஐடெக்ஸ்ட் மூன்றும், மூல நிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தில் அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமத்தில் கிடைப்பவை, பாப்ளர் அதே வகையைச் சேர்ந்த ஜிபிஎல் உரிமத்தில் கிடைப்பது. இவற்றை உங்கள் மென்பொருளோடு இணைத்து விநியோகித்தால், உங்கள் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிய நிலை வரும். கூகுள் 2014-ல் திறந்த மூலமாக்கிய பிடிஎஃபியம் அப்படி இல்லை, உரிமக் குறிப்பைச் சேர்த்தால் போதும். விற்பனை சூடுபிடித்த பிறகு இதை மாற்றுவது மிகவும் வலிக்கும். இன்றைக்கே பட்டியல் எடுங்கள்.

திருட்டு நகல் பற்றிய பயத்துக்கு ஒரு சிறிய பதில்: ஒரு லைசென்ஸ் சாவி, அது நீங்கள் கொடுத்ததுதானா என்று மென்பொருளே சரிபார்த்தல், அவ்வளவு போதும். அதற்கு மேல் நீங்கள் கட்டும் ஒவ்வொரு பூட்டும் பணம் கட்டியவரைத்தான் ஒருநாள் வெளியே நிறுத்தும். ஊர் பேர் தெரியாத மென்பொருளை உடைக்க அநேகமாக யாரும் உட்காருவதில்லை.

சரி, விளம்பரம். இதில் கணக்கு தெளிவானது, விளைவுதான் சந்தேகம். சொடுக்கி வரும் நூறு பேரில் பத்துப் பேர் டவுன்லோடு செய்து, ஒருவர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. விலை 60 டாலர், கட்டணம் போக 56 கையில் நிற்கிறது என்றால், ஒரு சொடுக்குக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 56 சென்ட். அதற்கு மேல் ஒவ்வொரு விற்பனையிலும் நட்டம். கணக்கியல் தொடர்பான தேடல் சொற்களுக்கு பெரிய நிறுவனங்களும் போட்டியிடுவதால், அந்த வரம்புக்குள் சொடுக்கு கிடைக்குமா என்பது சந்தேகமே. உங்களுக்கு இப்போது நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்றே தெரியாது. அதனால் இப்போது போடும் விளம்பரப் பணம் எதையும் கற்றுத் தராமல் கரையும். முன்பின் தெரியாத ஒரு இருபது பேர் வாங்கிய பிறகு, சிறு தொகையில் சோதித்துப் பாருங்கள்.

அதுவரை என்ன செய்வது? அந்தக் கூட்டம் தேடும் கேள்விகளுக்குப் பக்கம் எழுதுங்கள். ரசீதுகளுக்கு எந்த முறையில் பெயர் வைத்தால் பின்னால் தேட வசதி, எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், ஸ்கேன் தெளிவு எவ்வளவு இருந்தால் எழுத்து சரியாகப் படிக்கப்படும். கடைசிக் கேள்விக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பலர் 150-இல் ஸ்கேன் செய்துவிட்டு மென்பொருளைத் திட்டுவார்கள். உங்கள் மென்பொருளை வாங்காவிட்டாலும் பயன்படும்படி ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டும். தேடுபொறியில் மேலே வர மாதங்கள் ஆகும், சிலது வராமலே போகும். இதை எப்படிச் செய்தால் நிச்சயம் மேலே வரும் என்று உறுதி கொடுக்கிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து மதிப்புரை எழுத வைப்பது, நண்பர்களை விட்டு நட்சத்திரம் போடச் சொல்வது, இரண்டும் வேண்டாம். நம்பிக்கையை விற்கிற வேலையில் அது முதல் பொய். புதிய மென்பொருள்களை அறிவிக்கும் தளங்களில் போட்டால் ஒருநாள் கூட்டம் வரும், வருபவர்கள் பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்ற டெவலப்பர்கள். வேடிக்கை பார்ப்பார்கள், வாழ்த்துவார்கள், காகிதம் பிரிக்க மாட்டார்கள். உங்கள் 400 பேரில் பெரும் பகுதி அவர்கள்தான் என்று சந்தேகிக்கிறேன்.

வேலையை விடும் கேள்விக்கு வருகிறேன். இப்போது விடாதீர்கள், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் நிதானமாகக் கேட்க முடியும், தவறான வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல முடியும், விலையை அச்சத்தில் குறைக்காமல் இருக்க முடியும். பணம் தீர்ந்துகொண்டே வரும்போது இந்த மூன்றும் முதலில் போய்விடும். மென்பொருளில் இருந்து வரும் வருமானம் தொடர்ந்து ஒரு வருடம் உங்கள் வீட்டுச் செலவைத் தாங்கிய பிறகு, அதோடு ஆறு மாதச் செலவு தனியே சேமிப்பில் இருக்கும்போது, மறுபடி யோசிக்கலாம். அந்த அளவுகோல் என்னுடையது. குடும்பப் பொறுப்பு குறைவாக உள்ளவர் இதைவிடச் சீக்கிரம் துணியலாம். அதற்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் எழுதியது யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கலாம். சில ஒப்பந்தங்கள் அதையும் நிறுவனத்துக்கே எழுதிக்கொள்கின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு விற்பனையைத் தொடருங்கள். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஏற்கெனவே வாங்கியிருப்பதால் விஷயம் அலுவலகத்தில் தெரியாமல் இருக்காது. அதனால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்காளர்களிடம் பேசி முடித்ததும் அவர்கள் சொன்ன வார்த்தைகளையும், உங்கள் பக்கத்தின் முதல் வாக்கியத்தை அதை வைத்து எப்படி மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். படித்துப் பார்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.